சாதி எல்லை தாண்டும், சான்றிதழ் தாண்டாது

பொங்கலும் தீபாவளியும் முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தருமபுரி, அரூர், ஊத்தங்கரை பேருந்து நிலையங்களுக்குப் போனால் நம் சேரிகளில் பாதி அங்கேதான் நிற்கும். பெங்களூரு வண்டிக்காகக் காத்திருக்கும் கூட்டம் அது. சித்தாள் வேலைக்குப் போகும் பெண்கள், பெயின்ட் அடிக்கப் போகும் பையன்கள், காவலாளி வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கிளம்பிய பட்டதாரிகள் என்று எல்லோரும் இருப்பார்கள். என்ன வேலை, யாரிடம் வேலை, என்ன சம்பளம் என்று கேட்டால் பலரிடமும் இருப்பது ஒரு கைப்பேசி எண் மட்டும்தான். மேஸ்திரியின் எண், அல்லது முன்பே போன மாமன் மகனின் எண்.

போகக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. கிராமத்தை விட்டு வெளியேறுங்கள், நகரத்துக்குப் போங்கள் என்று நமக்குச் சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். வெளியூர்க் கூலி நம் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. 2012 நவம்பர் 7-ஆம் தேதி நத்தம் காலனியில் எரிக்கப்பட்ட வீடுகளில் பல, பெங்களூரில் உழைத்த காசில் கட்டியவை. ஊர்ப் பண்ணையை நம்பி நிற்காத மக்கள் என்பதே சிலர் கண்ணை உறுத்தியது. அதனால் போவது சரியா தவறா என்பது இங்கே கேள்வியே இல்லை. எந்த வேலைக்கு, எந்தத் தாளோடு, யாரை அழைத்துக்கொண்டு போகிறோம் என்பதுதான் கேள்வி. இந்த மூன்றையும் சொந்த ஊரில் இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். ஒசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் வண்டி நுழையும்போது நம் சாதி நம்மோடு வந்துவிடும். நம் சாதிச் சான்றிதழ் தரும் உரிமைகளில் பெரும்பகுதி வராது.

பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு

அரசமைப்புச் சட்டத்தின் 341-ஆவது பிரிவு, எந்தச் சாதி பட்டியல் சாதி என்பதை மாநிலவாரியாகக் குடியரசுத் தலைவர் அறிவிக்க வேண்டும் என்கிறது. அந்த முதல் ஆணை வெளிவந்தது 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி. தமிழ்நாட்டுக்கு ஒரு பட்டியல், கர்நாடகத்துக்கு ஒரு பட்டியல், ஆந்திரத்துக்கு ஒரு பட்டியல். புதுச்சேரிக்குக்கூட 1964-இல் தனிப் பட்டியல் வந்தது.

தமிழ்நாட்டுப் பட்டியலிலும் ஆதிதிராவிடர் இருக்கிறார்கள், கர்நாடகப் பட்டியலிலும் ஆதிதிராவிடர் இருக்கிறார்கள். பெயர் ஒன்றாக இருக்கும்போது உரிமையும் ஒன்றுதானே என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை என்று உச்ச நீதிமன்றம் மூன்று முறை சொல்லியிருக்கிறது, மூன்று முறையும் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு.

முதலாவது, 1990-இல் வந்த மரி சந்திரசேகர ராவ் வழக்கு. ஆந்திரத்தில் தெனாலியில் பிறந்த பையன். ஆந்திரத்தில் அவன் சமூகம் பழங்குடிப் பட்டியலில் இருந்தது. அப்பாவுக்கு பம்பாயில் மத்திய அரசின் உர நிறுவனத்தில் வேலை கிடைத்ததால் ஒன்பது வயதில் குடும்பத்தோடு அங்கே போனான். அங்கேயே படித்து, பம்பாய் மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினர் இடம் கேட்டான். கிடைக்கவில்லை. ஒரு மாநிலத்துப் பட்டியல் அந்த மாநிலத்துக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வேலைக்குப் போனவர் அப்பா. இழந்தவன் மகன். 1994-இல் மகாராஷ்டிரத்தில் குடியேறியவர்கள் தொடுத்த வழக்கிலும், 2018 ஆகஸ்டில் டெல்லி குடிநீர் வாரியம் தொடர்பான பீர் சிங் வழக்கிலும் இதே நிலைப்பாடு பட்டியல் சாதியினருக்கும் உறுதியானது.

திருமணமாகிப் போகும் பெண்களுக்கும் இதே கதிதான். பஞ்சாபில் பட்டியல் சாதியில் பிறந்து உத்தராகண்டில் மணமுடித்துப் போன ஒரு பெண், அந்த மாநில அரசு வேலையில் ஒதுக்கீடு கேட்டபோது 2018 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தச் சாதி உத்தராகண்டிலும் பட்டியலில் இருந்தது என்பது அவருக்கு உதவவில்லை. கோலாரிலும் சித்தூரிலும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் எல்லையோரக் குடும்பங்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே, கர்நாடக அரசு பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டை 2022-இல் 15 சதவீதத்திலிருந்து 17 ஆக உயர்த்தியது நமக்குப் பயன்படாது. அங்கே மாநில அரசு வேலைக்கு நாம் விண்ணப்பித்தால் பொதுப் பிரிவில்தான் நிற்க வேண்டும். நம் தமிழ்நாட்டு உரிமை மட்டும் போய்விடாது. பிழைப்புக்காக வெளியே போனவர் இங்கே பட்டியல் சாதியினராகவே தொடர்கிறார்.

எல்லை தாண்டும் வேலைகள்

எல்லாக் கதவும் மூடியிருக்கவில்லை. மத்திய அரசு வேலை என்றால் நம் சான்றிதழ் இந்தியா முழுக்கச் செல்லும். ரயில்வே, அஞ்சல் துறை, மத்தியப் பணியாளர் தேர்வாணையம் என்ற எஸ்.எஸ்.சி., பொதுத்துறை வங்கிகள், எல்.ஐ.சி., பெங்களூரில் இருக்கும் எச்.ஏ.எல்., பி.இ.எல்., பி.இ.எம்.எல். போன்ற நிறுவனங்கள் எல்லாம் இந்த வகை. பெங்களூரில் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளை, ஊரில் இருந்தபடியே இந்தத் தேர்வுகளை எழுதலாம். வேலை கிடைத்த பிறகு பெட்டியைத் தூக்கினால் போதும்.

நம் எல்லையோரப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் பலம் இருக்கிறது. பொதுத்துறை வங்கி எழுத்தர் தேர்வில் ஏதாவது ஒரு மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும். அந்த மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும். தேன்கனிக்கோட்டை, தளி, ஒசூர், வேப்பனப்பள்ளி பக்கம் பிறந்த பிள்ளைகளுக்குக் கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழியாகவோ தெரு மொழியாகவோ இருக்கிறது. பேசத் தெரிந்தவர் எழுதப் படிக்கவும் பழகிக்கொண்டால், கர்நாடகத்து வங்கி இடத்துக்கு தமிழ்நாட்டு எஸ்.சி. சான்றிதழோடு போட்டியிடலாம். ரயில்வேயிலும் தேர்வு வாரியத்தை நாமே தேர்வு செய்யலாம். பெங்களூரு வாரியத்துக்கு விண்ணப்பித்துவிட்டுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம்.

அருந்ததியர் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம். 2009-இல் தமிழ்நாடு அரசு கொடுத்த 3 சதவீத உள் ஒதுக்கீடு தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டும்தான். மத்திய அரசு வேலையில் அருந்ததியரும் பொதுவான எஸ்.சி. பட்டியலில்தான் போட்டியிட வேண்டும்.

தேர்வில் தேறிய பிறகு தாளில் தோற்பவர்கள் நம்மில் அதிகம். மத்திய அரசுத் தேர்வு அறிவிப்புகளின் கடைசிப் பக்கங்களில் சாதிச் சான்றிதழுக்கு ஒரு படிவம் இருக்கும். நம் கையில் இருக்கும் அட்டைச் சான்றிதழ் அதே வடிவில் இருக்காது. விண்ணப்பித்த வாரமே வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்தப் படிவத்தில் சான்றிதழ் கேட்டு வாங்கிவிட வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயர், அப்பா பெயர், முன்னெழுத்து ஆகியவை சான்றிதழிலும் ஆதாரிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். வயது வரம்பில் நமக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. எஸ்.எஸ்.சி. தேர்வில் கட்டணம் இல்லை. ரயில்வே தேர்வுக்கு வெளியூர் போக எஸ்.சி. பிள்ளைகளுக்கு இலவச ரயில் பயணச் சலுகை இருக்கிறது. விண்ணப்பத்தில் அதற்கான இடத்தில் குறித்தால்தான் கிடைக்கும். இந்தச் சலுகைகளைக் கேட்டு வாங்குவது பிச்சை இல்லை, உரிமை.

பிள்ளைகளை அழைத்துப் போகும் முன்

கணவன் மனைவி இருவருக்கும் அங்கே வேலை இருக்கிறது, பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று கேட்டுக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கஷ்டம் நமக்குத் தெரியும். ஆனால் இங்கே எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று கணக்குப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று விரிந்தது. கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. முதல் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவருக்குத் தமிழ்நாடு அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. எட்டாவதில் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய் மாரத்தஹள்ளியில் ஒரு பள்ளியில் சேர்த்தால், இவ்வளவும் ஒரே நாளில் கைநழுவும். அங்கே மாநில அரசின் எஸ்.சி. ஒதுக்கீடும் கிடைக்காது. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்ற நிலை பிள்ளைக்கு வரும்.

வேறு வழியில்லாமல் அழைத்துப் போனால், அல்லது பிள்ளை அங்கேயே பிறந்தால், அப்பாவின் சாதிச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வெளிமாநிலத்தில் பிறந்த பிள்ளைக்கும் அப்பாவின் சொந்த மாநிலத்துச் சான்றிதழின் அடிப்படையில் சான்றிதழ் வழங்கலாம் என்று மத்திய உள்துறை 1985-லேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அது மத்திய அரசு வேலைக்கும் சொந்த மாநிலத்துக்கும் உதவும். மும்பைத் தமிழர்கள் பலர் சாதிச் சான்றிதழுக்காக அலைவதற்குக் காரணம், 1950-க்கு முன்பே அங்கே குடியிருந்ததற்கான தாத்தா காலத்துத் தாள் கையில் இல்லாததுதான். தாத்தாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஒன்று பேரனின் வாழ்க்கையை நிர்ணயிக்கிறது. பரணில் கிடக்கும் தகரப் பெட்டியை இன்றே திறந்து பாருங்கள்.

பிள்ளை வெளிமாநிலத்தில் கல்லூரியில் சேர்ந்தால், பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான எஸ்.சி. கல்வி உதவித்தொகையைச் சொந்த மாநிலம்தான் தர வேண்டும். ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் போட வேண்டியது தமிழ்நாட்டில்.

மேஸ்திரியின் முன்பணம்

எல்லோரும் தேர்வு எழுதப் போவதில்லை. கட்டடம், செங்கல் சூளை, கரும்பு வெட்டு, வீட்டு வேலை, துப்புரவு என்று போகிறவர்கள்தான் நம்மில் அதிகம். அவர்களுக்கும் வேலையை இங்கிருந்தே உறுதி செய்வதுதான் பாதுகாப்பு.

முன்பணம் வாங்கும்போது மகளின் சடங்கும் அம்மாவின் மருத்துவச் செலவும் கண்முன் நிற்கும். கணக்கு நிற்காது. தொகை எவ்வளவு, வாரம் எவ்வளவு கழிக்கப்படும், மீதி எப்போது தீரும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். முன்பணத்தைக் காட்டி, போக விடாமல் பிடித்து வைத்து வேலை வாங்கினால் அது 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. அந்தக் கடன் சட்டத்தின் முன் செல்லாது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடைபட்டவர்களின் உறவினர் எந்த மாவட்டத்தில் சூளை இருக்கிறதோ அந்த மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ புகார் தரலாம். நம் ஆட்சியரிடம் மனு கொடுத்தால் அவரும் அங்கே எழுத முடியும். மீட்கப்படும்போது விடுவிப்புச் சான்றிதழ் வாங்காமல் ஊர் திரும்பக் கூடாது. மறுவாழ்வு உதவிக்கு அதுதான் அடிப்படை.

வண்டி ஏறும் முன் மேஸ்திரியிடம் இவற்றைக் கேளுங்கள். உண்மையான முதலாளி யார், அவர் முகவரி என்ன? நாள் கூலி எவ்வளவு, மிகைநேரத்துக்கு எவ்வளவு? சம்பளம் வங்கியில் வருமா, கையில் வருமா? தங்குமிடம் எங்கே, தண்ணீர், கழிப்பறை உண்டா? போகவர பஸ் கூலி யார் தருவது? பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பார்களா? பி.எஃப். எண் ஒருவருக்கு ஒன்றுதான். எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதையே தொடரலாம். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் பெங்களூரிலும் வைத்தியம் பார்க்கலாம், ஊருக்கு வந்தும் பார்க்கலாம். இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படும் மேஸ்திரியோடு போகாமல் இருப்பதே நல்லது.

போய் இறங்கிய பிறகு வேலை தேடினால் என்ன ஆகும்? அறை வாடகை ஏறும், கையில் காசு கரையும், மூன்றாம் நாள் எந்த வேலை வந்தாலும் சரி என்ற நிலை வரும். அந்த நேரத்தில் நம் ஊரையும் சாதியையும் கேட்டறிந்து நீட்டப்படும் வேலை என்ன என்று நமக்குத் தெரியும். அடுக்குமாடிக் கழிவுநீர்த் தொட்டி. ஒரு நாளைக்கு இரட்டைக் கூலி என்பார்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இழப்பீடு வாங்கும் குடும்பமாக நாம் இருக்க வேண்டாம். எவ்வளவு காசு கொடுத்தாலும் தொட்டிக்குள் இறங்க மாட்டோம் என்ற உறுதியோடு கிளம்ப வேண்டும்.

தங்க ஓர் இடம்

வேலை உத்தரவு கையில் இருந்தும் அம்பேத்கருக்கே நேர்ந்ததை மறக்க முடியாது. பரோடா மன்னர் உதவித்தொகையில் அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர், 1917-இல் அந்த சமஸ்தானத்தில் பணியில் சேரப் போனார். கணக்குத் துறையில் பதவி காத்திருந்தது. தங்க இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். நண்பர்கள் என்று நம்பிய இருவரும் வீடு தரவில்லை. ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார். வேலை எல்லை தாண்டி அவரைக் கூப்பிட்டது, சாதி அவருக்கு முன்பே அங்கே போய்க் காத்திருந்தது.

இன்றும் வீட்டுத் தரகர் முதலில் சைவமா அசைவமா என்கிறார், பிறகு ஊர்ப் பெயர் கேட்கிறார். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் வீட்டுக்காரர்கள் பெங்களூரில் உண்டு. ஆகவே வேலையைப் போலவே தங்குமிடத்தையும் இங்கிருந்தே உறுதி செய்ய வேண்டும். முன்பே போன நம் மக்கள் எந்தப் பகுதியில் இருக்கிறார்கள், எந்த மகளிர் விடுதி நல்லது என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

வெளிமாநிலத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்கு உதவுமா? நீ இந்த மாநிலத்துப் பட்டியலில் இல்லை என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்புவது உண்டு. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு சொந்த மாநிலத்தோடு நின்றுவிடாது என்று பம்பாய் உயர் நீதிமன்ற முழு அமர்வு 2023-இல் தீர்ப்பளித்தது. அது கர்நாடக நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வழக்கறிஞர் எடுத்துவைக்க வலுவான வாதம். போகும்போது சாதிச் சான்றிதழின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும்.

அரசிடம் நாம் கேட்பது

பெங்களூருக்குப் போகும் நம் மக்களுக்கு வழிகாட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகங்களில் ஓர் உதவி மேசை வேண்டும். மத்திய அரசுப் படிவத்தில் சாதிச் சான்றிதழை இ-சேவை மையத்திலேயே ஒரு வாரத்துக்குள் தர வேண்டும். பெற்றோர் வெளியூர் போகும் பிள்ளைகளுக்கு ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஆண்டின் நடுவிலும் இடம் தர வேண்டும். விடுதி சரியாக இருந்தால் எட்டாவது படிக்கும் பிள்ளையைக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு யாரும் இழுத்துப் போக மாட்டார்கள். ரயில்வே, வங்கித் தேர்வுப் பயிற்சியைத் தாட்கோ மாவட்டத் தலைநகரோடு நிறுத்தாமல் அரூருக்கும் ஊத்தங்கரைக்கும் கொண்டுவர வேண்டும்.

அரசு செய்யும் வரை நம் காலனி இளைஞர் மன்றங்கள் ஒரு வேலையைச் செய்யலாம். ஒரு நோட்டு போதும். யார், எந்த ஊருக்கு, யாரிடம், என்ன கூலிக்கு, எவ்வளவு முன்பணத்தோடு போகிறார்கள் என்று போகும் முன் எழுதி வையுங்கள். மத்திய அரசுத் தேர்வு அறிவிப்பு வரும்போது நூலகச் சுவரில் ஒட்டுங்கள். படித்த பிள்ளை ஒருவர் வாரம் ஒரு மாலை விண்ணப்பம் நிரப்பித் தரட்டும். வேலையும் கூலியும் தங்குமிடமும் அந்த நோட்டில் எழுதப்பட்ட பிறகே யாரும் வண்டி ஏற வேண்டும்.